இரண்டாவது மூட்டு

அந்தப் புள்ளி அவளுடையது.

பிரமிளா கையுறை விரலால் ஓட்டின் மேல் தடவிப் பார்த்தாள். சிவப்பு நகப்பூச்சு, மிளகளவு. புள்ளியின் ஒரு பக்கம் சின்ன வால். இடக்கைக்காரி. தூரிகையை எடுக்கும்போது அவளுக்கு அப்படித்தான் இழுபடும். அந்த அறையில் புள்ளி வைப்பது அவள் ஒருத்திதான்.

நகப்பூச்சின் வாசனைகூட இன்னும் போகவில்லை.

காலையில் ஹனீபா வேனிலிருந்து இறக்கிய பெட்டியில் இருந்தது அது. நேற்றைய கடல் ஏற்றத்தில் பிடித்தது என்று பெட்டி மேல் ஒட்டியிருந்தது. புதுசு. இதுவரை ஊசி படாதது.

அவள் அதைத் திருப்பி வைத்தாள். கவிழ்த்த இரும்புச் சட்டி போல ஓடு. பின்னால் ஈட்டி போல வால். அடியில் கால்கள் காற்றில் மெதுவாக நடந்தன, எங்கோ போக வேண்டியிருப்பதைப் போல. பெலாங்காஸ், குதிரைலாட நண்டு. கடலோரச் சேற்றில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் கிடக்கிற பிராணி. ஆனால் அதன் ரத்தத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. கிருமிகளின் நஞ்சு துளி பட்டாலும் உறைந்துவிடும். ஊசியில் ஏற்றுகிற மருந்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அதற்காக இந்த அறை. அதற்காக இந்த ரேக்.

நடுக்கீலில் மடக்கி ரேக்கில் கட்டுவார்கள். கீலுக்கு நடுவே ஊசி, நேரே இதயத்துக்கு. கீழே கண்ணாடிப் புட்டி. வரும்போது பால் மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல நீலமாகும். அறையில் இதைக் கறப்பது என்று சொல்வார்கள். ரத்தம் எடுப்பது என்று சொன்னவர்கள் அதிக நாள் வேலையில் நிற்கவில்லை.

கறந்ததும் ஒரு புள்ளி. பிறகு ஹனீபா அவற்றைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும். புள்ளியிட்டதை ஒரு வருடத்துக்குத் தொடக்கூடாது. அதற்கொரு ஃபாரம் உண்டு. விடப்பட்ட இடம் என்று ஒரு கட்டம், அதன் கீழே கையெழுத்து. ஒன்பது வருடமாகப் பிரமிளா அந்தக் கட்டத்தில் தெலுக் கும்பார் கடற்கரை என்று எழுதுகிறாள். ஒரு பிரதி ஹனீபாவுக்குப் போகும். அடுத்த ஏற்றத்தில் அவன் அந்த இடத்துக்குத்தான் போய்ப் பிடிப்பான்.

அவள் அடுத்ததை எடுத்தாள். இரண்டு புள்ளி. இரண்டுக்கும் வால். இரண்டாவதை வைக்கும்போது முதலாவதை அவள் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

அதற்கடுத்ததில் மூன்று.

பெட்டியின் அடியில் கிடந்தது பெரிய பெண். அதன் முதுகில் ஆண் இருந்தது. இவை ஜோடியாகத்தான் வரும். ஆண் சின்னது. இரண்டு கொக்கிக் கால்களால் பெண்ணின் ஓட்டைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டிருக்கும். அலையடித்தாலும் விடாது, ஐஸ் பெட்டியில் போட்டாலும் விடாது. ஆணிடம் ரத்தம் கொஞ்சம்தான், கறக்க லாயக்கில்லை. பிய்த்தால் பெண்ணின் ஓடு உடையும். வழி கண்டுபிடித்தது பிரமிளா, வேலைக்கு வந்த முதல் வருடத்தில். கொக்கியிலிருந்து எண்ணி இரண்டாவது மூட்டு. அதன் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பிடி தளரும். தளராவிட்டால் அதே இடத்தில் கத்தரி. கம்பெனியை நடத்துகிற டாக்டர் ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஹனீபாவுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அழுத்தினாள். தளர்ந்தது. ஆணை நீல டிரம்மில் போட்டாள்.

பெண்ணின் ஓட்டில் ஐந்து புள்ளிகள் இருந்தன.

ரேக்கில் கட்டி ஊசியை ஏற்றினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு இழை இறங்கி, புட்டியின் அடியில் தேங்கி, நீலமாக மாறத் தெம்பில்லாமல் அப்படியே நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. புதிய சத்தம் இல்லை. சுவருக்குப் பின்னால், ஸ்டோர் என்று சொல்லப்பட்ட கொட்டகைப் பக்கமிருந்து, சிமெண்டுத் தரையில் தகரத்தை மெதுவாக இழுத்துப் போவது போல, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுப்பது போல அந்த ஓசை எத்தனையோ மாதமாக வந்துகொண்டிருந்தது, ஏர்கோன் மெஷின் பழசாகிவிட்டது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதன் மேலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஏர்கோன் இப்போது அணைந்திருந்தது.

சத்தம் இருந்தது.

மதியம் ஹனீபா வேனின் பின்கதவில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். மீன் குழம்பு வாசனை.

“அக்கா, நாசி கண்டார் சோறு தாபாவ் கட்டிக்கிட்டு வந்தேன். உங்களுக்கும் ஒண்ணு இருக்கு.”

“இன்னைக்கு வந்தது எங்க புடிச்சது?”

“கடல்லதான் லா. மரத்துலயா காய்க்குது?”

“எந்தக் கடல்?”

“நீங்க பேப்பர்ல எழுதற கடல். நீங்க எந்த எடம் எழுதறீங்களோ அங்க போய்ப் புடிக்கறேன். அதான ரூல்?”

“அதுங்க மேல என் புள்ளி இருக்கு ஹனீபா. ஒண்ணுல அஞ்சு.”

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவளைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்தான்.

“அக்கா. உங்க மக காமினி நல்லாருக்கா?”

“நல்லாருக்கா.”

“இன்சுலின் ஊசியெல்லாம் கரெக்டா போடறாளா?”

“போடறா.”

“அப்பறம் என்ன லா. சாப்டுங்க, ஆறிடும்.”

அவள் கொட்டகைக்குப் போனாள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, பூட்டப்படவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தை யாரும் பூட்டுவதில்லை.

முதலில் நாற்றம். உப்பும் செம்பும் அழுகலும். பிறகு கண் பழகியது. சிமெண்டுத் தொட்டி, முழங்கால் உயரம், அதில் கணுக்கால் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். தண்ணீர் தெரியாத அளவுக்கு ஓடுகள். ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் ஒன்று. எல்லா ஓட்டிலும் சிவப்பு. கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயிலில் அவள் புள்ளிகள் அம்மைக் கொப்புளங்கள் மாதிரி பளபளத்தன. அடியில் இருப்பவை செத்துவிட்டன. மேலே இருப்பவை அவற்றின் மேல் ஏறிச் சுவரைத் தொட்டு, சுவரில் காலை வைத்து, சறுக்கி விழுந்து, மறுபடி ஏறின. அதுதான் சத்தம்.

ஒன்பது வருடம். ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை.

மூலையில் டிரம்கள். அவள் எட்டிப் பார்த்தாள். ஆண்கள். கொக்கி வெட்டப்பட்டவை. வெட்டின மொண்டிக் கால்களை ஒன்றின் முதுகில் ஒன்று வைத்துக்கொண்டு, பற்றப் பார்த்து, வழுக்கி, பற்றப் பார்த்து.

தொட்டியின் ஓரத்தில் ஒன்று அவள் பக்கம் கால் நீட்டியது. குனிந்து தூக்கினாள். கனமாக இருந்தது. பையில் போட்டால் தெரியாது. கார் பத்தடியில் நிற்கிறது. கடல் கால் மணி நேரம்.

“பிரமிளா.”

டாக்டர் விஸ்வலிங்கம் ஆபீஸ் வாசலிலிருந்து கூப்பிட்டார். அதட்டிக் கூப்பிடவில்லை. அவர் யாரையும் அதட்டியதில்லை.

அவள் அதைத் தொட்டியில் திருப்பி வைத்தாள். கவிழாமல் பார்த்து வைத்தாள். அந்த மட்டும் கவனம் இருந்தது.

ஆபீஸில் குளிர். மேசையில் அன்றைய ஃபாரம், பக்கத்தில் பேனா.

“இருங்கோ. தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம் டாக்டர். எத்தன வருஷமா?”

“நீங்க வாறதுக்கு முன்னமே. போய்ப் பிடிக்கிறதும் கொண்டுபோய் விடுறதும், என்ன செலவு தெரியுமோ? கடல்லயும் முந்தி மாதிரி இல்லை. இருக்கிறதைத்தானே பாவிக்கணும்.”

“சாகற வரைக்கும்.”

“மீனும்தான் சாகுது. நீங்க சாப்பிடறேல்லையா?”

“மீனைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டேன்னு நான் கையெழுத்துப் போட்டதில்ல.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போட்டு மோர் கொடுக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

“இந்த ரத்தமே இல்லாம அதே டெஸ்ட் செய்யலாம்,” என்றாள் பிரமிளா. “லேப்லயே செய்யற பொருள் வந்து எத்தனையோ வருஷமாச்சு. சிங்கப்பூர்லயே கண்டுபிடிச்சாங்க. நானே உங்களுக்குப் பேப்பர் எடுத்துக் குடுத்திருக்கேன்.”

“வாசிச்சனான். நல்ல பேப்பர். ஆனா வாங்கிறவன் இதைத்தானே கேக்கிறான்.” ஃபாரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “உங்கட மகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஊசி? நாலா? ஒவ்வொரு தரமும் காய்ச்சல் இல்லாம, நடுக்கம் இல்லாம அந்தப் பிள்ளை எழும்பிப் பள்ளிக்கூடம் போகுது. ஏன்? யோசியுங்கோ. மெடிக்கல் கார்டையும் யோசியுங்கோ.”

அவள் யோசித்தாள். காமினியின் கையில் ஒட்டியிருக்கிற, சர்க்கரை அளவு காட்டுகிற சென்சார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. கம்பெனி கார்டில் வருவது. காமினிக்கு ஏழு வயதில் ஒரு முறை சர்க்கரை ஏறி, மூச்சில் பழ வாசனையோடு மயங்கிக் கிடந்தாள். அந்த வாசனை பிரமிளாவின் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

“நான் என்னன்னு எழுத? தெலுக் கும்பார்னா?”

“எதை வேணுமெண்டாலும் எழுதுங்கோ. இவ்வளவு வருஷத்தில ஒருத்தரும் அந்தக் கட்டத்தை வாசிச்சதில்லை.”

“என் வீட்டு அட்ரஸ் எழுதினாலும்?”

“எழுதுங்கோவன்.”

அவள் எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினாள். விடப்பட்ட இடம்: ஜெலுத்தோங், பதினோராம் மாடி, ஏழாம் நம்பர் வீடு. கீழே கையெழுத்துப் போட்டாள். காது வரைக்கும் சூடாக இருந்தது. அதைக் கோபம் என்று நினைத்தாள். அது வெறும் கையெழுத்து.

டாக்டர் தாளைப் பார்க்காமலே ஒரு பிரதியைப் பிரித்து ஹனீபாவின் ஃபைல் தட்டில் வைத்தார்.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. கடலோரச் சாலையில் பாலத்தைத் தாண்டும்போது அக்கரையில் பட்டர்வொர்த் தெரியவில்லை, கடலே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் நின்றது. ஃபிளாட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. வைப்பர் நின்ற பிறகும் பிரமிளா காரிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள். நாளைக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தாள். பிறகு, அடுத்த மாதத்திலிருந்து போகக்கூடாது என்று மாற்றிக்கொண்டாள். சென்சார் மூன்று பெட்டி கையிருப்பு வந்த பிறகு.

லிஃப்டுக்குள் நகப்பூச்சு வாசனை.

யாரோ பெண்பிள்ளை. மேல் மாடிக்காரி. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் வாசனையோடு கூட இன்னொன்றும் இருந்தது, அடியில், உப்பும் செம்பும் கலந்து, காலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அவள் செருப்பைத் தூக்கிப் பார்த்தாள், செருப்பு சுத்தமாக இருந்தது, லிஃப்டு பதினோராம் மாடியில் திறந்தபோது அந்த வாசனை அவளுக்கு முன்னால் இறங்கி நடைபாதையில் அவள் வீட்டை நோக்கிப் போனது.

வீட்டில் விளக்கு எரிந்தது. காமினி பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயது. வகிட்டிலிருந்து பின்னல் இரண்டும் முன்பக்கம் விழுந்திருந்தன.

“நகப்பாலிஷ் போட்டியா?”

“இல்லம்மா. நீ போட்டியா? வீடெல்லாம் வாசம் அடிக்குது.”

“சாப்டியா?”

“பசிக்கல. ஒரு மாதிரி இருக்கு. ஸ்கூல்லேர்ந்து வந்து தூங்கிட்டேன். எந்திரிச்சதும் தலை சுத்துச்சு.”

“எவ்ளோ காட்டுது?”

காமினி போனை எடுத்துச் சென்சார் மேல் காட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி காட்டினாள். இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. கோடு. கோடு.

“மக்கர் பண்ணுதும்மா. மூணு மணிலேர்ந்து இப்படித்தான்.”

மூன்று மணி. அவள் கையெழுத்துப் போட்ட நேரம். பிரமிளா அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். மகளின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. சர்க்கரை இறங்கியிருக்கும். அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்திருக்கிறாள். ஃபிரிட்ஜிலிருந்து ஜூஸ் எடுத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து பழைய மெஷினை எடுத்தாள், விரலில் குத்திப் பார்க்கிறது.

“கைய குடு.”

“அதுவா? வலிக்கும்மா.”

“ஒரு சொட்டுதான்.”

அவள் அதைச் சொன்ன குரல் அவளுக்கே பழக்கமானதாக இருந்தது. ரேக்கின் முன்னால் நின்று அவள் இதைச் சொல்வதுண்டு. யாரிடம் என்று யோசித்ததில்லை.

குத்தினாள். ஒன்றும் வரவில்லை. விரலை அமுக்கினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு சொட்டு.

வெள்ளை.

பால் மாதிரி.

“அம்மா, இது என்ன?”

பிரமிளா மெஷினின் பட்டையை அதில் வைக்கவில்லை. அந்தச் சொட்டு மகளின் விரல் நுனியில் உருண்டு நின்றது. குழல் விளக்கின் கீழ். காற்றில். ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. மெல்ல. மெல்ல. நடுவரைக்கும்.

நீலம்.

வெளியே லிஃப்டு திறந்தது.

பிறகு அந்தச் சத்தம். சிமெண்டுத் தரையில் எதையோ இழுத்து வருவது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி இழுத்தது. நாலாம் நம்பர் வாசல். ஐந்து. அங்கேயும் நின்றது, நம்பரைப் படிப்பது போல. ஆறு.

“யாரும்மா?”

“பேசாத.”

மரக்கதவைச் சாத்த வேண்டும். மழைக்காற்று வரட்டும் என்று திறந்தே விட்டிருந்தாள். கிரில் மட்டும் பூட்டியிருந்தது. அவள் காமினியின் விரலைப் பிடித்தபடியே இருந்தாள்.

கிரிலுக்கு வெளியே ஹனீபா நின்றான்.

மஞ்சள் மழைக்கோட்டு. முழங்கை வரை ரப்பர் கையுறை. பக்கத்தில் நீல டிரம், காலி. கையில் ஃபாரத்தின் பிரதி, நனைந்து மை ஓடியிருந்தது. அவன் முகம் மதியம் பார்த்த அதே முகம். நல்ல முகம்.

“அக்கா,” என்றான். “ஏழாம் நம்பர் தானே?”

“ஹனீபா. போயிடு.”

“நீங்க எழுதின எடம்தான் லா. நான் புதுசா ஒண்ணும் பண்ணல.”

“அது கோவத்துல எழுதினது.”

“கோவம்னு ஒரு கட்டம் அதுல இல்லையே அக்கா.”

அவன் கிண்டல் செய்யவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

பிரமிளா மேசையைச் சுற்றி ஓடினாள். மகளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் காமினியின் நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் விரலோடு விரல் கோர்த்துப் பூட்டினாள். தன் முழு எடையையும் அந்தச் சின்ன முதுகின் மேல் வைத்தாள். காமினி ஏனோ அசையவில்லை. குனிந்தபடி இருந்தாள். முதுகு நடுவில் மடிந்து. ரேக்கில் மடக்குவது போல மடிந்து.

மகளின் பிடரி அவள் முகத்துக்கு நேரே இருந்தது. வகிடு. சின்ன முடிகள். அதற்குக் கீழே, கழுத்தெலும்பின் மேல், சிவப்பு. மிளகளவு. இன்னும் ஈரம்.

ஒரு பக்கம் சின்ன வால்.

“நான் வைக்கல,” என்றாள் பிரமிளா. “இத நான் வைக்கல.”

கிரில் பூட்டியிருந்தது. பிறகு பூட்டியிருக்கவில்லை.

டிரம் வாசற்படியில் ஏறி இறங்கியது. வீட்டுக்குள் உப்பு நாற்றம் நிறைந்தது. ரப்பர் பூட்ஸ் மொசைக் தரையில் கிறீச்சிட்டது, நாலடி, மூன்றடி, அவசரமே இல்லாமல், ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிற வேலையைச் செய்யப்போகிறவனின் நடையில்.

“அட,” என்றான் ஹனீபா, அவளுக்குப் பின்னால், மிக அருகில். “ஜோடியா இருக்கு.”

கத்தரி மேசை மேல் வைக்கப்படும் சத்தம். முதலில் அதை எடுக்க மாட்டான். முதலில் அழுத்திப் பார்ப்பான். அவளுக்குத் தெரியும்.

அவள் கண்ணை மூடி விரல்களை இறுக்கினாள். விரல். மணிக்கட்டு, ஒன்று. முழங்கை, இரண்டு.

ஈரமான ஒரு கட்டைவிரல் அவள் முழங்கையின் உள்பக்கம் வந்து நின்றது. தடுமாறவில்லை, தேடவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த இடம்.